கோழிக்காக வந்தவன்

அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தபோது எட்டிப் பார்க்காத பிள்ளை, கோழிக்கு அலகு உடைந்துவிட்டது என்றதும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அந்த அப்பாவுக்கு, வெல்டிங் பட்டறைக்காரருக்கு, இதற்குச் சிரிப்பதா, வயிறு எரிவதா என்று தெரியவில்லை. ஊரில் பாதி வீட்டு கேட்டும் கிரில்லும் அவர் கையால் வெல்டிங் வைத்தவை. வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் இன்றைய வினையும் அவர் கையால் வந்ததுதான்.

எலித் தொல்லை தாங்காமல் கோழிக்கூண்டுக்குப் பொடிக்கண் கம்பி வலை அடித்திருந்தார். எலியைப் பற்றி யோசித்தாரே தவிர, கோழிக்கும் ஒரு மூக்கு உண்டு என்பதை யோசிக்கவில்லை. வலைக்கு வெளியே கிடந்த தானியத்துக்கு ஆசைப்பட்டு அவர்கள் வீட்டுக் கோழி மகாராணி அலகை நுழைத்திருக்கிறது. வெளியே எடுக்க வரவில்லை. பயந்துபோய் ஒரே உதறு. மேல் அலகு பாதியில் விரிசல் விட்டு, நுனி தொங்கியது.

மனைவி அதை டவலில் சுற்றி மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், டாக்டர் லீவு, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். இரும்பென்றால் பட்டறைக்காரர் ஒரு நொடியில் பற்ற வைத்துவிடுவார். அலகை என்ன செய்வது?

"நம்ம புள்ளையைக் கூப்பிடுங்க. பல்லு ஒட்டறவனுக்கு அலகு ஒட்டத் தெரியாதா?" என்றாள் மனைவி.

ஒரே பிள்ளை. நகரத்தில் பல் செட் செய்யும் லேபில் வேலை. பட்டறையை எடுத்து நடத்துவான் என்று நம்பியிருந்த மனுஷனுக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை. அந்தப் பேச்சு முற்றித்தான் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான்.

"நீயே பேசு" என்றார்.

"என் ரெண்டு கையும் கோழி மேல இருக்கு. விட்டா ரத்தம் கொட்டும். நீங்கதான் பேசணும்."

வேறு வழியில்லாமல் பேசினார். தொங்கும் துண்டைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும் இடத்தில் சோள மாவை வைத்து அழுத்துங்கள், இருட்டான அட்டைப்பெட்டியில் விடுங்கள் என்று அவன் வரிசையாகச் சொன்னான். எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டியவர், கடைசியில் தன்னை அறியாமல், "கொஞ்சம் வந்துட்டுப் போறியாடா?" என்று கேட்டுவிட்டார்.

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "இதோ கிளம்பிட்டேன்பா" என்றான்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கூண்டுக்குமாக நடந்தார். இத்தனை நாளும் அவன் அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம் இவர் பேப்பரை விரித்துக்கொண்டு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பார். தெருமுனையில் பஸ் நின்றால், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வெளியே வந்து பார்ப்பார். இறங்குகிறவர்களில் அவன் இருக்கமாட்டான். பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் எழும். பெற்றவன்மேல் பாசமிருந்தால் அவனாக வரட்டுமே என்ற வீம்பும் கூடவே வரும்.

இன்றைக்கு இறங்கினான். இளைத்திருந்தான். புதிதாக மூக்குக்கண்ணாடி வேறு.

எதிர்வீட்டு டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு, "கோழியாப் பொறந்திருந்தா உங்களுக்கும் மவுசு இருந்திருக்கும்ணே" என்று சிரித்தார். பட்டறைக்காரரால் சிரிக்க முடியவில்லை.

பிள்ளை கை கழுவிவிட்டு உடனே வேலையில் உட்கார்ந்தான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அலகைத் துடைத்தான். காயவிட்டு, தொங்கிய நுனியை இடத்தில் பொருத்தினான். விரிசலின்மேல் மெல்லிய துணித் துண்டை வைத்து, லேபிலிருந்து கொண்டுவந்த, இறுகும்போது சூடு ஏறாத பசையை ஊசிமுனையால் தடவினான். மூச்சுத் துவாரத்தின் பக்கம் ஒரு பொட்டுக்கூடப் போகவில்லை.

"தலை அசையாம புடிங்கப்பா."

பிடித்தார். பசை இறுகியதும் குட்டி அரத்தால் மேடு பள்ளத்தை ராவினான். அரம் பிடித்த பிடி அவர் பட்டறையில் சொல்லிக்கொடுத்த பிடி. அவனுடைய விரல் அவர் விரலில் பட்டுப் பட்டு விலகியது. இந்த அலகு இன்னும் கொஞ்சம் உடைந்திருக்கக்கூடாதா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

தீவனத்தைத் தண்ணீரில் குழைத்து ஆழமான கிண்ணத்தில் வைத்தான். தரையில் கொத்த விடாதே, புதிதாக வளர்ந்து வரும்வரை இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னான். மகாராணி கிண்ணத்துக்குள் தலையை விட்டு அள்ளி விழுங்கியது.

அவன் பையை மூடத் தொடங்கினான். அந்த ஜிப் சத்தத்தைத்தான் பட்டறைக்காரரால் தாங்க முடியவில்லை.

"கத்தி வச்சு முழங்காலைக் கிழிச்சாங்களே, அன்னிக்கு வர மனசில்ல உனக்கு. கோழின்னதும் ஓடி வந்துட்ட. பெத்தவன் அவ்வளவு இளப்பமாப் போயிட்டேனாடா?"

பிள்ளை பையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கும் வந்தேன்பா. ஆபரேஷன் தியேட்டர் வாசல்லதான் உக்காந்திருந்தேன். உங்களுக்கு மயக்கம் தெளியறதுக்கு முன்னாடி போயிட்டேன்."

"ஏன் போன? நின்னா யாரு உன்னை வேணாம்னு சொல்லப் போறா?"

"'நானாக் கூப்பிடற வரைக்கும் என் கண்ணுல படாதே'ன்னு சொல்லித்தானே அனுப்பினீங்க? இன்னிக்குத்தானேப்பா கூப்பிட்டீங்க."