மின்சாரம் இல்லை

டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பிறைபோல வளைந்து போன கோடு.

"தலைவலி வர்றதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஏதாவது கண்ணுல பளபளன்னு தெரியுமாம்மா?" என்று தையற்காரரின் பதினைந்து வயது மகளிடம் கேட்டார்.

மகள் கோட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த தையற்காரர், நான்கு வருடப் பழக்கதோஷத்தில், அவளை முந்திக்கொண்டார்.

"அது எல்லாருக்கும் வர்றதுதானே டாக்டர்."

இந்த டாக்டரம்மா நான்காவது ஆள். முதலாமவர் கண்ணாடி போடச் சொன்னார். அடுத்தவர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். மூன்றாமவர் போனைப் பிடுங்கி வைக்கச் சொன்னார். மூன்று பேருமே "வேற ஏதாவது தொந்தரவு?" என்று கேட்கத்தான் செய்தார்கள். வேறொன்றும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் அடித்துச் சொன்னவர் தையற்காரர்தான்.

பள்ளியில் மகளுக்குத் தலைவலி மகாராணி என்று பெயர். பெயர் வைத்ததே வகுப்பாசிரியைதான். இன்னும் ஆறு நாள் வராமல் போனால் பரீட்சை எழுத முடியாது என்று போன வாரம் கடிதம் வந்திருந்தது.

வலி வந்தால் அவள் நேரே கடைக்கு வருவாள். துணி போட்டுப் பார்க்கிற அறையில் திரையை இழுத்துவிட்டு, வெட்டுத்துணி மூட்டைமேல் தலை வைத்துப் படுத்துவிடுவாள். சத்தம் அவளுக்கு ஆகாது. அவர் மெஷினை நிறுத்திவிட்டு, அவள் எழுந்திருக்கும்வரை கையாலேயே பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார்.

கதவில் 'மின்சாரம் இல்லை' என்ற அட்டை தொங்குகிற நாட்களில் மட்டும் அவள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் அந்த அட்டை தொங்கும். எதிர்க்கடையிலும் பக்கத்துக் கடையிலும் விளக்கு ஜெகஜ்ஜோதியாய் எரிய, இவர் கடையில் மட்டும் கரண்ட் போகும். தெருவே கிண்டல் செய்துவிட்டு ஓய்ந்துபோனது.

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் வராதுங்க. உங்களுக்கு வருமா?"

வரும் என்று தையற்காரர் தலையாட்டினார்.

நான்கு வருடத்துக்கு முன்னால், மகளுக்குப் பதினொரு வயது. "அப்பா, நம்ம பல்லு கத்தரியில வெட்டின துணி ஓரம் மாதிரி கண்ணுல ஏறி இறங்கி மினுங்குது" என்று ஓடிவந்து சொன்னாள். எல்லாருக்கும் வர்றதுதான் பாப்பா, கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இருபது வயதிலிருந்து அவர் கண்ணிலும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் அந்தக் கோடு ஓடும், பின்னாலேயே தலை பிளக்கும். ஊசியும் நூலுமாகப் பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் அது உண்டு, மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள், நமக்குத்தான் தெம்பு போதவில்லை என்று நினைத்திருந்தார்.

டாக்டர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. இது ஒற்றைத் தலைவலி, அப்பா வழியில் வந்திருக்கிறது, கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றார். வலி தொடங்கும்போதே போட ஒரு மாத்திரையும், தினமும் இரவில் போட ஒரு மாத்திரையும் எழுதினார். அவள் நடிக்கவில்லை என்று பள்ளிக்கு ஒரு கடிதமும் எழுதத் தொடங்கினார்.

மகள் அந்தக் கடிதத்தைத் தலைகீழாகவே வரிவரியாய்ப் படித்தாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் தையற்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அம்மாவுக்குக் கோயில் கட்டினாலும் தகும் என்று தோன்றியது. டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஒரு பொத்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"கோட்டைக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். தையற்காரர் தன் சட்டைக் காலருக்கு அடியிலிருந்து நூல் கோத்த ஊசியை எடுத்தார். டாக்டர் இன்னொரு சீட்டை இழுத்து, இப்போது அவருடைய வயதைக் கேட்டு எழுதினார்.

அந்த இரண்டாவது சீட்டையே பார்த்துக்கொண்டிருந்த மகள் மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா, அந்த அட்டை தொங்குன நாளெல்லாம் நம்ம கடையில கரண்ட் இருந்துச்சா?"

தையற்காரர் குனிந்து நூலைப் பல்லால் அறுத்தார்.

"இருந்துச்சு பாப்பா."