ஏழாவது பெயர்

ஆறாவது குருவின் பெயரை வாசித்து முடித்த தையலக்கா ஒரு நொடி நிறுத்தினாள்.

கையிலிருந்த அட்டையில் ஏழாவது வரியின் மேல் கறுப்பு மை. ஒரு கோடு கிழித்தும் திருப்தி வராமல், முன்னும் பின்னுமாக நாலைந்து முறை அடித்துக் கெட்டியாக மூடியிருந்தார்கள்.

அவள் அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்து, அடியிலிருந்த பெயரை வாசித்தாள். சுருக்கமாக இல்லை. அருட்தந்தை என்ற பட்டம், ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் சேர்த்து, கோயிலின் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி.

பதில் வரவில்லை.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குக் குருக்களுக்காக ஜெபிக்கும் கூட்டம் அது. பதினைந்து பெண்கள். ஒருத்தி எழுந்து நின்று ஒரு குருவின் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் முழங்காலில் இருந்தபடி, "ஆண்டவரே, இவரைக் காத்தருளும்" என்பார்கள். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. வாய் இங்கே ஜெபிக்கும். மனசு கொடியில் காயும் துணியை எடுக்கப் போயிருக்கும்.

இன்றைக்கு அந்தப் பதினான்கு வாய்களும் பூட்டிக்கொண்டன.

கூட்டத்தின் தலைவி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், பக்கவாட்டில் சாய்ந்தார்.

"ஏம்மா, அந்தப் பேரைத்தான் அடிச்சாச்சே. மேலிடத்து உத்தரவு. அடுத்ததைப் படி."

அவள் படித்தாள். அடுத்ததை அல்ல. அதே பெயரை, இன்னும் கொஞ்சம் உரக்க.

எட்டு மாதத்துக்கு முன், மழை கொட்டிய ஒரு மத்தியானத்தில், கோயில் ஜீப் சந்தைத் தெரு வளைவில் தபால்காரரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. மறுநாள் ஜீப் டிரைவர் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார். கேஸ் முடியாமல் இன்னும் ஜெயிலில் இருக்கிறார். அதற்கடுத்த வாரம், உடம்பு சரியில்லை என்று பங்குச்சாமிக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. எல்லாம் காதும் காதும் வைத்ததுபோல் முடிந்தது. பிறகு அட்டையில் அவர் பெயர் மேலும் மை விழுந்தது.

யாரும் வாய்விட்டு எதையும் கேட்கவில்லை. சாமி மத்தியானத்திலேயே குடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரவர் வீட்டு அடுப்படியில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே விட்டுவிட்டார்கள்.

கடைசி பெஞ்சில் டிரைவரின் மனைவி. வியாழக்கிழமை வராவிட்டால் கோயில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வருகிறவள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் ஜெபமாலையைப் பெஞ்சில் போட்டுவிட்டாள். தையலக்காவின் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

தையலக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே முதுகு சுட்டது.

மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். நன்றி விசுவாசம். அவள் புருஷன் நெஞ்சுச் சளியோடு கடைசியாகக் கிடந்த பதினோரு நாளும் அந்தச் சாமிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்தத் தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பிப் போனான். சாமி எச்சில் கிண்ணத்தை வாங்கிக் கழுவி வைத்தார். அது நடந்தது. எந்த மையைப் போட்டும் அதை மூட முடியாது.

மூன்றாம் முறை வாசித்தாள்.

குரல் கொஞ்சம் பிசிறியது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பதில் வராமல் எட்டாவது பெயருக்குப் போவதாக இல்லை. கதவைப் பூட்ட ஆள் வந்தாலும் சரி, மேலிடமே நேரில் வந்தாலும் சரி.

ஒருத்தி இருமினாள். ஒருத்தி முக்காட்டைச் சரி செய்தாள்.

பிறகு முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். "ஆண்டவரே, இவரைக் காத்தருளும்." பின்னாலேயே இன்னொரு குரல். அப்புறம் ஏழெட்டு. கசப்பு மருந்தை விழுங்குகிறவர்போல டீச்சரின் உதடுகூட அசைந்தது.

டிரைவரின் மனைவி மட்டும் எழுந்து வெளியே போனாள்.

ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, டீச்சர் வாசலில் தையலக்காவின் தோளைப் பிடித்து நிறுத்தினார். டிரைவரின் மனைவி இன்னும் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தாள்.

"உனக்கு அவர் மேல பாசம் இருக்கலாம்மா. அதுக்காக இந்தப் பொண்ணோட வயித்தெரிச்சலை வாங்கிக் கட்டிக்கணுமா?"

"பாசம்தான் டீச்சர். இல்லேன்னு யார் சொன்னா?" என்றாள் தையலக்கா. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நான் சாட்சிக் கூண்டுல ஏறப் போறேன். அன்னைக்கு அந்த வளைவுல இருக்கிற என் தையல் கடை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். ஜீப்பை ஓட்டினது சாமி. வண்டியில வேற ஆளே இல்ல. இதை நாளைக்கு நான் சொன்னப்புறம், அவருக்காக இங்க ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டீங்க. அதான் இன்னைக்கே திறக்க வச்சேன்."

டீச்சரின் கை தோளிலிருந்து நழுவியது.

படியில் நின்றவள் மெல்லக் கேட்டாள். "எட்டு மாசம் கழிச்சாக்கா?"

தையலக்கா இப்போது அவளை நேராகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா. எட்டு மாசம்," என்றாள். "திட்டணும்னா இப்பவே திட்டித் தீர்த்துடு. ஆனா காலையில கோர்ட்டுல முன்னாடி வந்து உட்காரு. உன் முகத்தைப் பார்த்துக்கிட்டேதான் சொல்லணும்."