வாசல் அடிக்கு வரி

"செத்தவங்களைச் சொல்லி வரி கேட்டா நாங்க என்னதான் பதில் சொல்றது வெல்டரே?"

கோழிப்பண்ணைக்காரர் இப்படிக் கேட்டது பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்த ஊர்க்கூட்டத்தில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க நெருக்கியடித்திருந்த ஊர்க்காரர்கள், யார் முகத்தையும் பார்க்காமல் மேஜைக் கிறுக்கல்களைப் பார்த்தார்கள்.

பேசியவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரம்மா போனதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா..."

"ஆனா உங்க வீடு மேட்டுல இருக்கு!" வெல்டரின் மைத்துனன் எழுந்துவிட்டான். பால் வண்டி ஓட்டுகிறவன். ஒரு வருடமாக ஊர்த்தெருச் சேற்றில் கேனும் கையுமாக விழுந்து எழுந்தவன். "உங்க வாசல்ல பெய்யற மழையும் எங்க வாசலுக்குத்தானே ஓடி வருது? உங்களுக்கு எதுக்கு வடிகால்?"

"நீ உக்காரு மாப்ளே." வெல்டர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுத் தான் எழுந்தார்.

விஷயம் இதுதான். மெயின் ரோட்டிலிருந்து ஊர்க்கோடி வரை தார் ரோடும், இரண்டு பக்கமும் வடிகாலும். பாதிச் செலவு அரசாங்கத்துடையது. மீதிக்கு ஊர்க்காரர்கள் ஐந்து வருடம் வரி கட்ட வேண்டும். வாசல் எத்தனை அடியோ அத்தனை வரி.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றார் வெல்டர். "இரும்போட இரும்பை ஒட்ட வைக்கத்தான் தெரியும். அன்னிக்கு விடியறப்ப அவளுக்கு மூச்சு முட்டிச்சு. ஆம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்துச்சு. ஆனா மெயின் ரோட்டு வளைவைத் தாண்டி வர முடியாதுன்னு நின்னுடுச்சு. நானும் மாப்ளையும் கட்டிலோட தூக்கினோம். முழங்கால் சேறு. ஒரு காலைப் பிடுங்கி வைக்கறதுக்குள்ள இன்னொரு கால் புதையுது. பாதி தூரம் வரைக்கும், 'மெதுவாப் போங்க, விழுந்துடாதீங்க'ன்னு எனக்குத்தான் சொல்லிக்கிட்டு வந்தா. வண்டிகிட்ட போனப்ப பேச்சே இல்ல."

அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அந்த இருபது நிமிஷமும் நம்ம தெருவுலதான் போச்சு."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விவசாயி மெல்ல எழுந்தார். "நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா ரெண்டு வருஷமா எனக்கு விளைச்சலே இல்ல. எதை வித்து வரி கட்டட்டும், சொல்லுங்க?"

அந்தக் கேள்வியில் சூதில்லை. நாலைந்து தலைகள் ஆமோதித்து அசைந்தன.

"இல்லாதவங்க பங்கை நான் கட்டறேன்," என்றார் வெல்டர். "பட்டறையை வித்துடறேன்."

"மாமா!" மைத்துனன் பதறினான்.

மளிகைக்கடைக்கார அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, உங்க பட்டறை வாசல் மட்டும் எண்பது அடி. ஊர்லயே உங்களுக்குத்தான் வரி அதிகம். அப்படியும் நீங்க இவ்வளவு மன்றாடறீங்க. என் மூலைக் கடைக்கு ரெண்டு பக்கமும் வரி விழுமேன்னு, ரோடு வேணும்னு நான் இத்தனை நாள் வாயே திறக்கல. உங்களைப் பார்த்தா வெட்கமா இருக்கு."

"வெட்கப்பட வேண்டியது நீ இல்லம்மா." வெல்டரின் குரல் உடைந்தது.

எல்லோரும் கோழிப்பண்ணைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலைமையாசிரியை துண்டுச் சீட்டுகளை நீட்டினார். "யாரும் பெயர் எழுத வேண்டாம். 'வேணும்', 'வேண்டாம்', அவ்வளவுதான்."

சீட்டுகளை வாங்கிக்கொண்டு சாக்பீஸ் பெட்டி சுற்றி வந்தது. அவர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் கரும்பலகையில் கோடு கிழிக்கக் கிழிக்க, வெல்டரின் உதடுகள் கூடவே எண்ணின.

வேணும், நாற்பத்தொன்று. வேண்டாம், நாற்பத்திரண்டு.

தலைமையாசிரியை இரண்டாவது தடவையும் எண்ணினார். கணக்கு மாறவில்லை. "போன வருஷமும் இப்படித்தான்," என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரே ஒரு சீட்டுல தோத்துச்சு."

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியையும் புடவையையும் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆதரவாகப் போட்டவர்களும் எதிராகப் போட்டவர்களும் ஒரே சேற்றில் இறங்கினார்கள்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மைத்துனன் தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினான். "இந்த வருஷம் போனா போகட்டும் மாமா. போன வருஷம் அந்த ஒரு சீட்டு மட்டும் மாறியிருந்தா, மழைக்கு முன்னாடியே ரோடு வந்திருக்கும். அக்கா இன்னிக்கு வீட்டுல இருந்திருப்பா. அந்தப் பாவி எவன்னு தேடிப் பிடிக்காம நான் விடமாட்டேன்!"

வெல்டர் தாழ்வாரத்தின் விளிம்புக்குப் போய் மழையைப் பார்த்து நின்றார். பிறகு, மழைச் சத்தத்தில் கேட்டும் கேட்காமலும் சொன்னார்.

"தேடாதே மாப்ளே. 'வேணும்'னு எழுதினேன்னு உங்க அக்காவை நம்ப வச்சிட்டு, போன வருஷம் 'வேண்டாம்'னு எழுதிப் போட்டவன் நான்தான்."