கல்லுக்கு அடியில் தலைவர்

"கல்லைப் போட்டு மூடிட்டா, கீழ இருக்கறது யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சியா மணிவண்ணா? துணியைக் காட்டு, பார்க்கலாம்."

அரிகரன் இப்படித் திடுதிப்பென்று வந்து நிற்பார் என்று மணிவண்ணன் எதிர்பார்க்கவில்லை. கிருமாம்பாக்கத்தில் அவர் கட்டியிருக்கும் புது வீட்டின் முன்னால் அழகுக்கல் தோட்டம் போடும் வேலை அவனுடையது. மறுநாள் காலை கிரகப்பிரவேசம். கட்சித் தலைவரே நேரில் வருகிறார் என்று தெருவை அடைத்துப் பந்தல் போட்டாயிற்று.

பத்து நாளாகத் தரையைத்தான் தயார் செய்தான். முக்கால் அடி மண்ணை வெட்டி எடுத்தான். கோரைக்கிழங்கு ஒன்றுகூட மிஞ்சாமல் கூலிக்கு வந்த பவுனம்மாள் உட்கார்ந்து பொறுக்கினாள். பிறகு சமன் செய்து, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்தார்கள்.

"நெல்லு போடறதுக்குக்கூட நெலத்தை நாங்க இப்படித் தாங்கினதில்ல மேஸ்திரி. ஒண்ணும் மொளைக்காம இருக்கறதுக்கு இம்மாம் பாடு" என்று பவுனம்மாள் சிரித்தாள். சோரியாங்குப்பத்தில் நாற்று நட்டுக் களையெடுத்த கை அவளுடையது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. களையைத் தடுக்க அடியில் விரிக்கும் துணி வந்து சேராததுதான் வினை. சென்னையிலிருந்து பார்சல் வரும் வரும் என்று காத்திருந்து கண் பூத்துப் போயிற்று. ஆனால் பாகூர் பக்கம் இதற்கெல்லாம் யாரும் கலங்குவதில்லை. இங்கே கல்யாணம் முடிந்தாலும் தேர்தல் முடிந்தாலும் ஃபிளெக்ஸ் பேனருக்கு ஓய்வு கிடையாது. மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், வைக்கோல் போருக்குப் போர்வையாகும். மணிவண்ணனும் மாலிக் பாயின் பழைய சாமான் கடையில் கிடந்த பேனர்களை அள்ளி வந்தான். தண்ணீர் இறங்க ஆணியால் துளை போட்டு, படம் கீழே, வெள்ளை மேலே என்று விரித்துவிட்டான். பாதி இடத்தில் கல்லும் கொட்டியாயிற்று.

அரிகரன் குனிந்து ஓர் ஓரத்தைத் தூக்கினார்.

தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூக்கில் ஓர் ஆணித் துளை. பக்கத்தில், அளவில் கொஞ்சம் சின்னதாக, அரிகரனும் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

அரிகரன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் மணிவண்ணன் ஒரு பூந்தொட்டிகூட வைக்க முடியாது. தலைவர் கட்அவுட்டில் சாய்ந்து பீடி குடித்தவனைக் கன்னத்தில் அறைந்த மனுஷர் இவர்.

"யாருடா இதை எடுத்தாந்தது?"

"நான்தாண்ணே, மாலிக் பாய் கடையிலேர்ந்து. பார்சல் வரல. புத்தி கெட்டுப் போய் இப்படிப் பண்ணிட்டேன்."

"எத்தினி பேனரு?"

"பதினாலு."

"பதினாலுலயும் அவருதானா?"

"ரெண்டுல மஞ்சள் நீராட்டு விழாண்ணே. மிச்சம் பன்னெண்டுலயும் தலைவருதான்."

அரிகரன் மீசையைத் தடவினார். அவர் கத்தாமல் பேசுவதுதான் மணிவண்ணனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மூஞ்சியைக் கவுத்துப் போட்டிருக்க?"

"மேல பார்த்தாப்ல போட மனசு வரலண்ணே. மரியாதையா இருக்கட்டும்னுதான்..."

"கடையில இன்னும் இருக்குதா?"

"நாலு அஞ்சு இருக்கும்."

"அதையும் எடுத்தாரச் சொல்லு. வெளிய ஒண்ணுகூடக் கெடக்கக் கூடாது."

பவுனம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அது சிரிப்பா பயமா என்று பார்க்கக்கூட மணிவண்ணனுக்குத் தெம்பில்லை. பத்து நாள் உழைப்பும் பத்து வருஷத் தொழிலும் இந்த ஒரு மூக்குத் துளையில் போய்விடும் போலிருந்தது.

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணே. எல்லாத்தையும் உருவி, கழுவித் தொடைச்சு, மடிச்சு உங்க கையில குடுத்துடறேன். தலைவர் வர்றதுக்குள்ள வேற ஏதாச்சும் விரிச்சுடறேன்" என்றவன், மண்டியிட்டுக் கல்லை இரண்டு கையாலும் வாரி ஒதுக்க ஆரம்பித்தான்.

அரிகரன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"யாருடா உன்னை எடுக்கச் சொன்னது? என் படத்தை மட்டும் பதனமா வெட்டி எடுத்துட்டு, அவரு மூஞ்சி மேல பார்த்தாப்ல திருப்பிப் போட்டு, பெரிய கல்லாப் பார்த்து வை. நாளைக்கு வர்றவரு வேற தலைவரு, நான் நேத்தே கட்சி மாறிட்டேன்."