பார்க்காத நம்பர்

“பாக்கக் கூடாது, பாக்கவே கூடாது” என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார் தேவானந்தன். கழுத்து மட்டும் தானாக இடப்பக்கம் திரும்பப் பார்த்தது.

தெப்ராவ் நெடுஞ்சாலையில் வண்டிகள் தூறலில் ஊர்ந்துகொண்டிருந்தன. சற்று முன்னால், சாலையோர விளக்குக் கம்பத்தில் மோதி ஒரு வெள்ளைக் கார் நசுங்கிக் கிடந்தது.

“அண்ணே, மெதுவா போங்க லா!” பக்கத்து சீட்டிலிருந்த செல்லப்பன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். ஆபீசுக்குப் புதுசு, தேவானந்தனின் பழைய கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. “எல்லாரும் நம்பர் பிளேட்டப் படம் புடிக்கிறாங்க பாருங்க. ஆக்சிடெண்ட் காடி நம்பரு, இன்னைக்கு வாங்கினா கண்டிப்பா அடிக்கும்!”

விபத்தில் சிக்கிய காரின் எண்ணை நாலு இலக்க லாட்டரியில் வாங்கும் பைத்தியம் தேவானந்தனை ஆட்டிப்படைத்த காலம் உண்டு. மனைவி விஜிதாவின் தாலிக்கொடி வரைக்கும் அதில்தான் போயிற்று.

“இன்னொரு தடவ நம்பர் வாங்கினீங்க, என்னை மறந்துடுங்க” என்று அவள் பெட்டியைக் கட்டியபோது குறுக்கே வந்து நின்றவள் அவருடைய அக்கா யோகம். தம்பியைக் கையோடு சர்ச்சுக்கு இழுத்துப்போய் முழங்கால் போட வைத்ததும் அவள்தான்.

அதற்குப் பிறகு அவர் நம்பர் கடைப் பக்கம் போகவே இல்லை. இன்று மாலை ஜெபக்கூட்டத்தில் அதைத்தான் சாட்சியாகச் சொல்லப்போகிறார். “என் காடி ரிப்பேருக்குப் போயிருக்கு. நான் அக்காகூட வந்துடுறேன், நீங்க நேரா வந்துடுங்க” என்று காலையிலேயே சொல்லியிருந்தாள் விஜிதா.

“கடைசி நம்பர் ஏழு மாதிரி இருக்குண்ணே. கூட்டம் மறைக்குது. அட, ஒரு பொம்பள நம்மளப் பாத்துக் கைய ஆட்டுது! நிறுத்துங்க, எறங்கிப் பாத்துடலாம்!”

நிறுத்தினால் இறங்கத் தோன்றும். இறங்கினால் எண்ணைப் பார்க்கத் தோன்றும். பார்த்துவிட்டால் அப்புறம் கடைக்குப் போகாமல் இருக்க முடியாது. தேவானந்தனுக்குத் தன்னைப் பற்றி நன்றாகவே தெரியும்.

முகத்தை வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். “ஆண்டவரே, காப்பாத்துங்க” என்று வாய்விட்டே சொல்லி, கிடைத்த இடைவெளியில் வண்டியை விரட்டினார்.

“அலமாக்! போச்சு!” என்று செல்லப்பன் தலையில் அடித்துக்கொண்டான். அவனை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தேவானந்தன் நேராக ஜெபக்கூட்டத்துக்கு வண்டியை விட்டார்.

சபையைச் சேர்ந்த ராசம்மாவின் வீட்டில் கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. விஜிதாவும் யோகமும் இன்னும் வரவில்லை. “மழைல்ல, ஜாம்ல மாட்டியிருப்பாங்க. நீங்க ஆரம்பிங்க பிரதர்” என்றாள் ராசம்மா.

தேவானந்தன் எழுந்து நின்றார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். “இப்ப வர்ற வழியிலகூட சாத்தான் கைய ஆட்டிக் கூப்பிட்டான். நான் திரும்பிக்கூடப் பாக்கல!”

அறை முழுவதும் “அல்லேலூயா” என்றது. அவருக்குக் கண் கலங்கியது. இதைக் கேட்க அக்கா இல்லையே என்று வருத்தமாகவும் இருந்தது.

உட்கார்ந்ததும் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண். பழைய புத்தி அதன் கடைசி நாலு இலக்கங்களை மேயப் பார்த்தது. சட்டென்று காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“என் போன் ஒடஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரில நர்சு போன்ல பேசுறேன்.”

விஜிதாதான். அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“விஜி! என்னம்மா ஆச்சு? அக்கா எங்க?”

“உங்க காடியப் பாத்துட்டுத்தான் கைய ஆட்டினேன்” என்றாள் அவள். “அப்ப அக்காவுக்கு உயிர் இருந்துச்சுங்க.”