சுத்தமான சத்தம்

மகாராஜன் நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடி, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். கிடாரை மடியில் வைத்திருந்த சாம்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சங்கரன்கோவிலில் இப்படி ஒரு ரசிகரா!

வாசிப்பை நிறுத்தியதும் அவர் திடுக்கென்று விழித்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பாவம், உருகிவிட்டார் என்று சாம்சன் நினைத்துக்கொண்டான்.

உருகினால் மட்டும் போதுமா, வாங்க வேண்டாமா? ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் மதுரையிலிருந்து ஆசை ஆசையாக இறக்கிய மூன்று கிடார் ஆம்ப்ளிஃபயரும் அவனுடைய இசைக்கருவிக் கடையில் தூசி தின்றுகொண்டு கிடந்தன. இன்றைக்கும் ஒன்று போகவில்லை என்றால் கடையைச் செல்போன் கவர் விற்கிறவனிடம் ஒப்படைத்துவிடுவதாக மனைவி ப்ரியதர்ஷினியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். அவனுக்கும் அலுத்துப் போயிருந்தது.

"கிளீனு, ரிதம், லீடு. மூணு சத்தமும் வரணும் வே," என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார் மகாராஜன்.

"மூணும் வரும் அண்ணாச்சி. கிளீன்ல ஒவ்வொரு கம்பியும் சுத்தமா கேக்கும். ரிதம்ல கொஞ்சம் கரகரப்பு. லீடுன்னா ஊரையே எழுப்பிரும்."

அவர் முகம் வாடியது. "நான் அந்த உள் ரூம்ல இருந்து கேக்கேன். கதவைச் சாத்திக்கிடுதேன். நீரு வீட்டுல வாசிக்க மாதிரி வாசியும்."

இப்படிக் கேட்கிறவர் சாதாரண ஆளாக இருக்க மாட்டார் என்று சாம்சன் பயந்துகொண்டே வாசித்தான். முதலில் பெரியது.

கதவு திறந்தது. "ஆகாது வே."

அடுத்து நடுவாந்திரம். "கிளீன் பரவால்ல. லீடு ஆகாது."

மிச்சம் இருந்தது படிக்கிற பிள்ளைகளுக்கான குட்டிப் பெட்டி. சாம்சனுக்கு நம்பிக்கையே இல்லை. விரல் நுனி எரிய எரிய மூன்றையும் அதில் வாசித்து முடித்தான். இந்த முறை கதவு திறக்கவே நேரமானது. மகாராஜன் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"சுத்தமா கேக்கல வே."

கிளீனே சுத்தமாக இல்லை என்றால் மற்றதைப் பேசி என்ன பிரயோசனம்? சாம்சன் கிடாரை ஓரமாகச் சாத்திவிட்டு, செல்போன் கவர்காரனின் நம்பரைத் தேடினான்.

"விடுங்க அண்ணாச்சி. நானும் கடையை விட்டுருதேன். முடியல."

"ஏன் வே, இதைக் கட்டிக் குடுத்துட்டு விடும்."

"சுத்தமா கேக்கலன்னு இப்பத்தான சொன்னீய?"

"ஆமா, கேக்கல. அதான் இத கட்டச் சொல்லுதேன்." அவர் வாய் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். "மாப்பிள்ளை வீட்டோடதான் இருக்காரு. ஒரு மாசமா சேக்காளிகிட்ட ஆம்ப் இரவல் வாங்கி ராப்பூரா வாசிக்காரு. தலைதீபாவளிக்குச் சொந்தமா ஒண்ணு வேணுமாம். மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"அது சரி அண்ணாச்சி..."

"அடுத்த ரூம்ல நாந்தான வே படுக்கேன்!"