ஒற்றையா இரட்டையா

ஒற்றை.

வேலன் இன்னொரு முறை எண்ணினான். பதினொரு கொட்டைகள். ஒற்றைதான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மார்போடு கிடந்த இருபது நாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பிள்ளை நெளிந்து அழுதது. அழட்டும். இனி அழுவதற்கு நாள் இருக்கிறது.

மலையடிச் சுனையில் இரண்டு குடும்பத்துக்கும் மாடுகளுக்கும் தண்ணீர் இல்லை. ஒரு குடும்பம் இருக்கலாம். மற்றது கிழக்கே ஆற்றைத் தேடிப் போக வேண்டும். ஆறு நாள் நடை. போன கோடையில் அந்த வழியில் நடந்த கைப்பிள்ளைகளில் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

யார் போவது? அண்ணனும் தம்பியும் மூன்று நாள் பேசினார்கள். பேச்சு கைகலப்பில் முடிந்தது. அப்புறம்தான் வேலனை அழைத்து வந்தார்கள். முருகனிடம் கேட்டுச் சொல்கிறவன் அவன். கழற்சிக் கொட்டைகளைத் தரையில் குவித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளுவான். ஒற்றை விழுந்தால் அண்ணன் இருக்கலாம். இரட்டை விழுந்தால் தம்பி.

ஒற்றை விழுந்துவிட்டது. அண்ணன் எயினன் அவள் புருஷன்.

வேலன் கொட்டைகளைப் பையில் போட்டு முடிந்தான். கேட்டதையே இரண்டாம் முறை கேட்கிற வழக்கம் கிடையாது. சாமி என்ன செவிடா?

தம்பி அழிசி எழுந்திருக்கவில்லை. விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தான். பிறகு, அந்த மலையடியில் அதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"இன்னொரு தடவ அள்ளுங்க. மறுபடியும் ஒத்தை விழுந்தா என் செவலப் பசு அண்ணனுக்கு. ரெட்டை விழுந்தா சுனை எனக்கு."

எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

வேலன் அவள் புருஷனைப் பார்த்தான். அவன் பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிறைசினைப் பசு.

கிடைத்தது போதும் என்று எழுந்து வர வேண்டியதுதானே? மனுஷனுக்கு அப்போதுதான் மூக்கில் வேர்த்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவன் சம்மணம் போட்டுக்கொண்டான்.

ஒரு பசுவுக்கு எதிராக அவள் பிள்ளையின் தண்ணீரை வைத்துவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலன் தயங்கினான். அதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "மொதக் கன்னு எனக்கு" என்றான்.

பை அவிழ்ந்தது.

ஒற்றை.

அடுத்து தம்பி இரண்டு காளைகளையும் வைத்தான். ஒற்றை.

அடுத்து ஏழு ஆடுகள். ஒன்பது கொட்டைகள் வந்தன.

ஒவ்வொரு முறையும் அவள் கொட்டைகளைக் கூடவே எண்ணினாள். ஒவ்வொரு முறையும் நிம்மதி வந்தது. மூன்றாம் முறை வந்த நிம்மதியில் வெட்கம் கலந்திருந்தது. பாலுக்கு ஒரு ஆடுகூட இல்லாமல் நடக்கப்போகிற கொழுந்தனின் பிள்ளை எதைக் குடிக்கும்?

"போதும், எந்திரிச்சு வாங்க" என்றாள்.

எயினன் திரும்பவில்லை. "சும்மா இரு. கை ராசியா இருக்கு."

அவன் எங்கே கையை வைத்தான்? அள்ளுகிறவன் வேலன். அந்த வேலனும் இப்போது கண்ணை மூடுவதில்லை. முருகன் பெயரை யாரும் சொல்லி வெகுநேரம் ஆகிவிட்டது.

அழிசியிடம் வைக்க இனி ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

முடிந்தது என்று அவள் மூச்சு விட்டாள்.

எயினனின் முகம் தொங்கிப்போனது. மாடும் ஆடும் சுனையும் கைக்கு வந்தவனின் முகம், சோற்றுக்கு முன்னாலிருந்து எழுப்பிவிட்டதைப் போலச் சுருங்கிவிட்டது. தம்பியை மேலும் கீழும் பார்த்தான். கண் காலில் போய் நின்றது.

"உன் செருப்ப வையிடா. நான் சுனைய வைக்கிறேன்."

ஒரு ஜோடி மாட்டுத்தோல் செருப்பு. வார் அறுந்து ஒட்டுப்போட்டது.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. எதையாவது எடுத்து அவன் தலையில் போட்டுவிடலாமா என்று வந்தது. போடவில்லை. தம்பி குனிந்து செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் அங்கே நிற்கப் பிடிக்காமல் சுனைக்கு இறங்கினாள்.

சுனையில் அழிசியின் பெண்டாட்டி இருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. ஒற்றைக் கையால் தோல்பையில் தண்ணீர் நிறைத்துக்கொண்டிருந்தாள். பாதி தண்ணீர் வெளியே போனது.

மூத்தவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"நீங்க ஏன்க்கா? சுனைதான் உங்களுக்கு விழுந்திருச்சே."

"மறுபடியும் வச்சிருக்காரு."

"எதுக்கு?"

"செருப்புக்கு."

இளையவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இரண்டு பைகள் நிறைந்தன. அவள் வீட்டிலிருந்து தினை மாவு கொண்டுவந்தாள். இளையவள் உலர்ந்த இறைச்சி வைத்திருந்தாள். பிள்ளைக்குத் துணி, உப்பு, தீக்கடைக்கோல். யார் போவது என்று இருவருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக வைத்தார்கள். போகிறவள் எடுத்துக்கொள்ளட்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டார்கள். அத்தனை வருஷத்தில் அவர்கள் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

மேட்டில் பெருங்கூச்சல் எழுந்தது. இரண்டு பேர் குரலும் கலந்து கேட்டது. யாருக்கு விழுந்தது என்று தெரியவில்லை.

இருவரும் மூட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.